ரசீது எண் 417

கட்டடத்துக்கு முன்பே
மாடுகள் வந்துவிட்டன.
கபரோனியின் ஓரத்து முட்காட்டில்
கம்பிவேலி, ஒரு தகரக் கொட்டகை,
உள்ளே கார்பன் தாளோடு நான்.

எப்படி எழுதுவதென்று யாரும் சொல்லவில்லை.
காளை, ஒன்று, செவலை.
சோளம், அரை மூட்டை.
முட்டை, பன்னிரண்டு.
இரண்டு உடைந்திருந்தன, பத்து என்று திருத்தினேன்.
கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு
மறுபடி பன்னிரண்டாக்கினேன்.
தணிக்கைக்காரர்கள் இன்றுவரை கேட்கவில்லை.

மொலெபொலோலேயிலிருந்து இரண்டு நாள்
ஓட்டிக்கொண்டு வந்தாள் கபைட்சானே,
வெள்ளைப் புள்ளி விழுந்த கறுப்பு எருதை.
"பெயரை எழுது."
எழுதினேன்.
"என் பெயர் எதற்கு? அதன் பெயரை."
புலா. எங்கள் மொழியில் மழை.
அந்த வருஷம்தான் காசுக்கும்
அதே பெயர் வைத்தார்கள்.

பிறகு எல்லாம் அவசரம்.
சட்டம் வந்தது. வைரம் தோண்ட ஆள் வேண்டுமென்று
மண்ணியல் வந்தது.
இருக்கை போதாமல்
சன்னலுக்கு வெளியே நின்று குறிப்பெடுத்தார்கள் சிலர்,
வெயில் நகர நகரத் தாங்களும் நகர்ந்து.
ஒரு பருவம் முழுக்க வேலைநிறுத்தம்,
வாயிலில் பூட்டு.
திறந்தபோது வாயில்கள் நான்காகியிருந்தன,
எனக்கே வழி தெரியவில்லை.

கணினி வந்தது.
பழைய ரசீதுகளை ஏற்றச் சொன்னார்கள்.
தொகைக்குக் கட்டம் இருந்தது,
மாட்டுக்கு இல்லை.
மாடென்றால் செல்வம் என்று
அதற்கு யார் சொல்வது?
பூஜ்யம் என்று போட்டுக்கொண்டே போனேன்
417 வரை.
அங்கே கை நின்றது.

நான் ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கையில்
அவளே வந்தாள்,
பொடி டப்பாவில் மடித்த ரசீதோடு.
"என் எருது எங்கே?"
சண்டைக்கு வரவில்லை. பார்க்க வந்திருந்தாள்.

நூலகத்துக்குக் கூட்டிப்போய்
மூன்றாம் மாடிக்கு ஏறும் படிகளைக் காட்டினேன்.
பொய்தான்.
உள்ளங்கையால் ஒவ்வொரு படியையும்
விலா எலும்பு எண்ணுவதுபோலத் தடவினாள்.
"இளைத்துவிட்டான்" என்றாள்,
ஏழாம் படியில் உட்கார்ந்தாள்.

மின்தூக்கி பழுதான நாள் அது.
வகுப்பு முடிந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.
ஒருத்தி செல்பேசியில்
புள்ளியியலில் தோற்றதைச் சொல்லி அழுதுகொண்டே
கபைட்சானேயைச் சுற்றிப் போனாள்.
பின்னால் வந்தவர்கள்
ஏறாமல் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிழவி நாக்கை மேலண்ணத்தில் வைத்து
ஒரு சொடுக்குச் சொடுக்கினாள்,
மந்தையை ஆற்றுக்குள் இறக்கும் சத்தம்.

படிக்கட்டே திரும்பிப் பார்த்தது.
பிறகு, ஏன் என்று கேட்காமல்,
ஏறினார்கள்.