ஆறாம் வினா

ஏதென்சு நகரின் பொதுச் சதுக்கம்
வளர்ந்து சிதைந்த வரலாற்றை விளக்குக.
இருபது புள்ளி.

உவர்மலையில் பள்ளிக்கூட மேல்மாடி.
ஒரு காற்றாடி சுழல்கிறது,
மற்றது சத்தம் மட்டும் போடுகிறது.
என் கட்டில் நூற்றுநாற்பதாவது விடைத்தாள்.
பெயர் கிடையாது, சுட்டெண்தான்.

முதல் பக்கம் ஒழுங்கு.
பழைய புதைகுழிகள்மேல் மண் நிரவியது,
தூண் வரிசை மண்டபம், நிழலுக்கு நட்ட மரம்,
'நான் சந்தையின் எல்லை' என்று
தன்னைத் தானே சொல்லிக்கொண்டு நிற்கும் கல்.
பாரசீகர் எரித்தது.
சரி, சரி, சரி.
சிவப்புப் பேனை நிற்காமல் ஓடி
ஒன்பது புள்ளிக்கு வந்திருந்தது.

பிறகு பானை ஓடு.
வேண்டாதவன் பெயரை ஓட்டில் கீறிப் போடுவார்கள்.
எண்ணுவார்கள்.
அதிகம் விழுந்தவன் பத்து வருடம் ஊருக்கு வெளியே.
காணி பூமி அவனுக்கே.
முடிந்ததும் திரும்பி வரலாம்.

அந்த இடத்தில் ஒரு வரி இடம்விட்டு
பிள்ளை எழுதியிருந்தது:

எங்கள் சதுக்கம் சந்தைக்கும்
பஸ் நிலையத்துக்கும் நடுவில்.
எல்லைக்கல் இல்லை,
மண் நிரப்பிய தார்ப்பீப்பா இருந்ததாம்.
மான்கள் வந்து கோவா இலை தின்னும்.
ஒரு காலை எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்களாம்.
முகத்தில் சாக்குக் கவிழ்த்த ஒருவர்
ஜீப்புக்குள் இருந்து தலையாட்டினாராம்.
ஓடு இல்லை. எண்ணவில்லை.
என் பெரிய மாமா பாரை வாங்கப் போனவர்.
பையை மட்டும் கடைக்காரர் கொண்டுவந்து தந்தார்.
பத்து வருடம் மூன்று தரம் முடிந்துவிட்டது.

சபூர் சேர் எட்டிப் பார்த்தார்.
"தலைப்புக்கு வெளிய போயிட்டுது டீச்சர்.
புள்ளித்திட்டத்தில இல்ல."
இல்லைதான்.
வணிகம் நான்கு, நீதிமன்றம் நான்கு, வழிபாடு மூன்று...
விரலால் வரிவரியாகக் கீழே போனேன்.
தேத்தண்ணியில் ஆடை படிந்தது.
அடியில், பொடி எழுத்தில்:
பொருத்தமான ஒப்பீடு, ஆகக் கூடியது இரண்டு.

இரண்டும் போட்டேன்.
இன்னும் இரண்டுக்கு இடமில்லை.

பின்னேரம் பஸ்ஸுக்கு நின்றேன்.
தார்ப்பீப்பா எந்தப் பக்கம் இருந்தது?
ஐஸ்கிறீம் வண்டிப் பக்கமா, மணிக்கூட்டுப் பக்கமா?
அந்த வருடங்களில் நானும் இதால்தான் நடந்தேன்,
நிலத்தைப் பார்த்தபடி.
பெட்டை மான் ஒன்று என் கைப்பையை முகர்ந்தது.
தாள் அதற்குள் இல்லை;
கட்டி, அரக்கு வைத்து, கையெழுத்திட்டுக் கொடுத்தாயிற்று.

சுட்டெண் எதையும் பரீட்சகர்
வெளியே கொண்டுபோகக் கூடாது.
கடைசி மூன்று இலக்கம்
நான்கு, பூச்சியம், ஏழு.