புல்லா தின்னும் சனிக்கிழமை

பள்ளிக்கூடத்தில் தினமும் முந்நூற்று நாற்பது தட்டு.
பட்டாணி, உருளைக்கிழங்கு மசியல், ஒரு மீன் துண்டு.
தட்டைக் காலி செய்யாமல் நழுவும் பிள்ளையைப்
பெயர் சொல்லி நிறுத்துகிறவள் நான்.

வீட்டில் ஒரே ஒரு வாய்.
கெஞ்சத் தெரியாத வாய்.

எங்கள் ஏலக்காய் ரொட்டியின் பெயர்தான் அதற்கும்: புல்லா.
சுருண்டு படுத்தால் அடுப்பிலிருந்து இப்போதுதான் எடுத்தது போல
பழுப்பும் பொன்னுமாக இருக்கும்.

ரெய்னோ வடக்கே சுரங்க வேலைக்குப் போன அன்று
கண்ணாடித் தொட்டியின் மூடியில் ஒரு சீட்டு ஒட்டினான்.
வளர்ந்த பாம்பு, அம்மா.
மூன்று வாரத்துக்கு ஒரு எலி. பெரிது வேண்டாம்.
தின்னாவிட்டால் விட்டுவிடு.
மறுநாளே மறுபடி நீட்டாதே.
கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

நான் கேட்கவில்லை.
மூன்று வாரமா?
ஜன்னலோரக் கள்ளிச்செடிக்குக்கூட
அதைவிட அடிக்கடி ஊற்றுகிறேன்.
வாராவாரம் கொடுத்தேன். அதுவும் வாங்கிக்கொண்டது.
முதுகெலும்பு சதைக்குள் முங்கிப்போயிற்று.
வளையும்போது விலாவில் மடிப்பு,
என் இடுப்பில் விழுவது போலவே.
டாக்டர் பெல்ஷா தராசில் வைத்துப் பார்த்தார்.
"பாம்புக்கு அன்பும் கொழுப்பும்
ஒரே இடத்தில்தான் சேருகிறது, மிஸஸ் கிவெலா."

பிறகுதான் நாட்காட்டியில் வட்டம் போட ஆரம்பித்தேன்.

உறைபெட்டியில் ப்ளூபெர்ரி பொட்டலத்துக்குக் கீழே
வெள்ளை எலிகள், கண்ணை மூடியபடி.
வெள்ளி இரவு ஒன்றைக் கீழ்த்தட்டுக்கு இறக்குவேன்.
சனிக்கிழமை வெந்நீரில், பையோடு.
என் மணிக்கட்டின் சூடு வந்ததும்
இடுக்கியில் பிடித்து, உயிருள்ளது போல
லேசாக ஆட்டுவேன்.

நவம்பர் எட்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டது.
நவம்பர் இருபத்தொன்பது. தலையைச் சுருளுக்குள் வைத்துப் பூட்டிவிட்டது.
ஏரி உறைந்தது. பனி ஜன்னல் விளிம்பைத் தொட்டது.
ஆறு சனிக்கிழமை, ஆறு எலி,
கொல்லையில் அண்டங்காக்கைகளுக்கு விருந்து.
தண்டர் பே முழுவதிலும் என் வீட்டுக் காக்கைகளுக்குத்தான்
சூடான சாப்பாடு.

மாதம் ஒருமுறை சமையல் தராசில் வைத்தேன்.
ஆயிரத்து அறுநூற்று இருபது கிராம்.
அறுநூற்றுப் பதின்மூன்று.
அறுநூற்று ஐந்து.
நான்கு மாதப் பட்டினிக்கு இழந்தது
ஒரு ரொட்டித் துண்டின் எடை.
பத்தில் ஒரு பங்கு குறையட்டும், அப்போது கூப்பிடுங்கள்
என்றார் பெல்ஷா.
குளிர்காலத்தில் ஆண் பாம்புகள் இப்படித்தானாம்.

ரெய்னோவுக்கு இரவுதோறும் போன் செய்வேன் முன்பெல்லாம்.
சாப்பிட்டாயா?
சாப்பிட்டேன்.
என்ன?
சாப்பாடு.
டிசம்பரில் எடுப்பதையே நிறுத்திவிட்டான்.
நான் விடவில்லை, மறுநாளும் அடித்தேன், அதற்கு மறுநாளும்.

பிப்ரவரியில், தண்ணீர்க் கிண்ணம் மாற்றும்போது
மூடியிலிருந்த சீட்டை மறுபடி வாசித்தேன்.
பாம்பைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான்.
பாம்பைப் பற்றித்தான்.
அன்றிரவு போனை எடுக்காமல்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
நான்கு ஜோடி காலுறை தைத்தேன்.

மார்ச் பதினான்கு.
இடுக்கியை நீட்டி நின்றேன்.
நாக்கு வெளியே வந்தது. போயிற்று. வந்தது.
கழுத்து ஆங்கில எஸ் எழுத்தாய் மடிந்தது.
மேசையில் போன் அதிர்ந்தது. ரெய்னோ.

அசைந்தால் கெட்டது.
மணி அடித்து, அடித்து, ஓய்ந்தது.
என் தோள் கல்லாகிவிட்டது.

பிறகு ஒரு சொடுக்கு.
எலி இல்லை. எலி இருந்த இடத்தில்
மூன்று சுற்றுப் பாம்பு.

திரும்ப அழைக்கவில்லை.
இடுக்கியைக் கழுவினேன். விளக்கைக் குறைத்தேன்.
விழுங்கும்போது யாரும் எட்டிப்பார்க்கக் கூடாது.

அரை மணி கழித்து அவனே அடித்தான்.
"தின்றதா?"
"தின்றது."
அப்புறம் இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.
என் நாக்கு நுனியில் அந்தக் கேள்வி;
கடித்துக்கொண்டேன்.

"இன்றைக்கு நானே மீன் வறுத்தேன்" என்றான்.
"உப்பு கூடிப்போச்சு."

தொட்டிக்குள் அந்தப் புடைப்பு
ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது.