வலது மேல் மூலை

தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில்.
அப்போதுதான் எங்கள் ஊருக்குப் பந்து வரும்.
தங்கச்சிமடத்தில் ஏழு நாள், பதினாறு அணி,
ஐஸ் கம்பெனி தரும் பத்தாயிரம்,
தூக்கிக்கொண்டு ஓட இரண்டு ஆள் வேண்டிய கோப்பை.

கோட்டுக்கு வெளியே மணலில் முழங்காலிட்டிருப்பேன்.
பூசையில் இப்படி நின்றதுண்டா என்று கேட்பாள் அம்மா.
மழைக்கோட்டை வெட்டித் தைத்த உறை கேமராவுக்கு,
எனக்கு ஒரு துண்டு.
தென்கடலிலிருந்து சோளகம் வாரிப் போடும் மணலுக்கு
லென்ஸ் எது கண் எது என்று தெரியாது.
"போட்டாக்கா, என்னைய எடு" என்று கத்திக்கொண்டே
பந்தைத் தவறவிட்டான் ஒருவன்.
எடுத்தேன். தவறவிட்டதைத்தான்.

ராத்திரி பதினொன்று.
ஸ்டூடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருகிறேன்.
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படம்.
அதில் முதுகு மட்டும் நானூறு.
கால் இல்லாத பந்து, பந்து இல்லாத கால்,
கொட்டாவியில் மாட்டிய லைன்ஸ்மேன்,
எல்லாம் கழித்தால் தொண்ணூறு மிஞ்சும்.
தொண்ணூறில் ஒன்று பேப்பருக்கு. இருநூறு ரூபாய்,
அதுவும் அடுத்த மாதம்.
ராமநாதபுரத்திலிருந்து நிருபர் போனில்:
கோலும் தெரியணும், அடிச்சவன் மூஞ்சியும் தெரியணும்,
பின்னால ஐஸ் கம்பெனி பேனர்
எழுத்து வெட்டுப்படாமத் தெரியணும்.
சரி சார்.

என் சென்சாரில் ஒரு தூசி உண்டு. உப்பு.
மதுரையில் துடைத்துத் தர எண்ணூறு கேட்கிறான்.
வெயிலுக்காகத் துளையைச் சுருக்கினால்
வலது மேல் மூலையில் மிளகளவு கறுப்பு,
எல்லாப் படத்திலும் அதே இடம்.
ஒன்றில் துடைத்துவிட்டு
மற்றதிலும் இதையே செய் என்றால் போதும்,
கம்ப்யூட்டர் செய்துவிடும். கேள்வி கேட்காது.
செய்தேன். டீ குடித்தேன்.

அறுபத்தெட்டாவது நிமிடம்.
பந்து இடது கம்பத்துக்கு உள்ளே போகிறது.
அடித்தவன் பார்க்கிறான், நடுவர் பார்க்கிறார்,
பந்து பொறுக்கும் பொடியன் பார்க்கிறான்,
கோட்டோரம் படுத்த நாய் தலைதூக்கிப் பார்க்கிறது.
கோல்கீப்பர் டெல்வினுக்கு மட்டும் முகம் இல்லை, பிடரிதான்.
கடலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறான்.
வெறுங்கடலை.

காசு வாங்கிட்டான் என்றார்கள் மைதானத்தில்.
செருப்பு ஒன்று பறந்து வந்தது,
அதுவும் என்னிடம் இருக்கிறது, எண் தொள்ளாயிரத்து எழுபத்தேழு.
நானும் நம்பினேன், கொஞ்சம்.

பெரிதாக்குகிறேன். நூறு சதவீதம், இருநூறு.
கழுத்து நரம்பு ஒரு பக்கமாக இழுத்து நிற்கிறது.
காசு வாங்கினவனுக்கு இப்படி இழுக்குமா?
இந்தப் படத்தில் மட்டும் கேமரா தாழ்ந்து
அடிவானம் மூலைவரை ஏறியிருக்கிறது.
கடலும் வானமும் சேருமிடம்
மாவு தடவியதுபோல் வழவழவென்று.
அங்கே போனது என் கைதான்.

கன்ட்ரோல் இசட்.
தூசி திரும்பி வந்தது.
பக்கத்தில் இன்னொன்று.
அது நீலம். அதற்குச் சாய்வு உண்டு, கீழே ஒரு கோடு உண்டு.

முந்தாநாள் போன வள்ளம், சந்தியாகுவினுடையது.
நேற்றே வந்திருக்க வேண்டும்.
எஞ்சின் செத்து, தார்ப்பாயைக் கழியில் கட்டி
காற்றைப் பிடித்து வந்தார்களாம்,
ஆறரை மணிக்குக் கரையேறியபோது
நாங்கள் கோப்பையோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தோம்.
வள்ளம் வராதது ஊருக்கே தெரியும்.
சந்தியாகுவின் தம்பி டெல்வின் என்பதும் தெரியும்.
மைதானத்துக்குள் யாருக்கும் அது ஞாபகமில்லை. எனக்கும்.

நிருபருக்குக் கேட்டதை அனுப்பிவிட்டேன்,
மூஞ்சி, பேனர், முழு எழுத்து.
பிறகு இருக்கிறதிலேயே சின்ன பிரஷ்ஷை எடுத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு
தூசியை மட்டும் எடுத்தேன்.
எட்டுக்குப் பன்னிரண்டில் ஒரு பிரிண்ட் டெல்வினுக்கு.

தொள்ளாயிரத்து எழுபத்தேழில்
எறிந்தவன் முகமும் நன்றாக விழுந்திருக்கிறது.
கேட்டு வந்தால் கொடுப்பேன்.
முழு விலைக்கு.