ஒன்றரை வரி

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி:
இல்லத்தில் சேரக் காரணம்.
ஒன்றரை வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
அச்சடித்தவனுக்குத் தாயார் இல்லை போலும்.

பதினோரு வருஷமாய் அந்த ஒன்றரை வரியை
நான்தான் நிரப்புகிறேன்,
சாட்ஸ்வொர்த்தில், குன்றின் இடுப்பில்,
மழை பெய்தால் தகரம் கத்தி
எதிரே இருப்பவர் சொல்வது கேட்காத அறையில்.

பூபாலன் படையாச்சியைக் கொண்டுவந்தவை படிகள்.
ரோட்டிலிருந்து அவர் வாசலுக்கு நாற்பத்தொன்று.
முப்பது வருஷம் டர்பன் பஸ்ஸின் கிளட்சை மிதித்த முழங்கால்
இருபத்தாறாவது படியில் உட்கார்ந்துவிடும்.
ரொட்டிக்காரன் அங்கேயே கொடுத்துவிட்டுப் போவான்.
ஒரு நாள் இருட்டிவிட்டது.
மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை,
விடிய விடிய அதே படி.
மகன் வீட்டில் இல்லையா என்றேன்.
இருந்தான், கூப்பிட வெட்கமாக இருந்தது என்றார்.
நான் எழுதினேன்: நடமாட்டக் குறைவு.

லோகாம்பாளின் மகன் பெர்த்துக்குப் போய் ஒன்பது வருஷம்.
எல்லோரும் அதைத்தான் காரணம் என்கிறார்கள்.
ஞாயிறு தவறாமல் போனில் முகம் காட்டுகிறான் பாவம்.
ஜன்னலுக்குக் கம்பி, கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு,
கேட்டுக்கு இரண்டு பூட்டு,
எல்லாம் அங்கிருந்தே அவன் பணம் கட்டிப் போட்டவை.
அடுப்பில் எண்ணெய் பற்றிய ராத்திரி
ஏழு சாவியில் எது எதற்கென்று
அந்த விரல்களுக்கு மறந்துபோயிற்று.
பக்கத்து வீட்டுத் தெம்பிதான் ஆள் கூட்டிவந்து
கம்பியை அறுத்தாள்.
நான் எழுதினேன்: பாதுகாப்பு.

தனபால் செட்டி தனியாக வந்தார்,
டாக்சியில், மடியில் ஒரு சூட்கேஸ்.
மருமகள் நல்லவள், அதுதான் காரணம் என்றார்.
ஐந்து மணிக்குத் தையல் ஃபாக்டரிக்குக் கிளம்புகிறாள்,
ஆறுக்குத் திரும்பி என் துணியை அலசுகிறாள்,
பிறகு குளியலறையில் அழுகிறாள்.
குழாயைத் திறந்துவிட்டால் எனக்குக் கேட்காதென்று
நினைத்துக்கொண்டிருக்கிறாள், அம்மா.
பேனாவை வாங்கித் தானே எழுதினார்: விருப்பம்.

காவடி மாதத்தில் கோயில் கமிட்டியிலிருந்து
ஆரஞ்சுப் பழத்தோடு வருவார்கள்.
காலம் கெட்டுவிட்டது, நம்மவர்கள் இப்படியா
என்று ஒருவர் மைக் இல்லாமலே மைக்கில் பேசுவார்.
எனக்குத் தெரிந்து எங்கள் பாட்டனார்
கரும்பு ஆலை லைன் வீட்டில் நாற்பத்தெட்டில் போனார்.
அவர் அண்ணன் அதற்கும் முன்னால்.
எண்பது வயதை யார் கண்டார்கள் அப்போது?
கண்டிருந்தால் யார் குளிப்பாட்டியிருப்பார்கள்
என்று நான் கேட்பதில்லை.
பழத்தை எண்ணி வாங்கிக்கொள்வேன்.

விண்ணப்பமே வராத வீடுகளும் உண்டு.
மாதம் பிறந்தால் கிழவரின் பென்ஷனில்தான்
அங்கே அரிசி, கரண்ட், பேரனின் ஸ்கூல் ஷூ.
அவரை யாரும் எங்கேயும் அனுப்பமாட்டார்கள்.
அதை அன்பு என்றும் சொல்லலாம்.
அந்தக் கேள்விக்குப் படிவமே இல்லை.

என் அம்மாவை நான் காலை ஆறரைக்குப் பூட்டுகிறேன்.
ஃபிளாஸ்க்கில் டீ, மூடிய தட்டில் இரண்டு துண்டு ரொட்டி,
ரேடியோ ஓடட்டும்.
பிறகு இரண்டு பஸ் மாறி
மற்றவர்களின் அம்மாக்களிடம் போகிறேன்.
கைப்பையில் நாலு மாதமாய் ஒரு படிவம் மடிந்திருக்கிறது,
பெயர், பிறந்த நாள், சர்க்கரைக்கான மாத்திரை
என ஆறு கேள்வி வரைக்கும் முடித்தது.

ராத்திரி பட்டாணி உரிக்கும்போது
புதிதாக யார் வந்தார்கள் என்று கேட்பாள்.
சொல்வேன்.
நேற்று கேட்டது வேறு:
அங்கே மீன் போடுவார்களா?
செவ்வாய், வெள்ளி தவிர என்றேன்.
பரவாயில்லையே என்றாள்,
ஒரு பட்டாணி உருண்டோடியதை
மேஜைக்கடியில் குனிந்து
நெடுநேரம் தேடினாள்.