தண்ணியில்லாக் காடு

கோப்பில் நான் கையெழுத்துப் போடவில்லை.
விலையில்லா ஆடு நாற்பத்தொன்று செத்ததாக எழுதியிருந்தது.
நான் எண்ணியது பதினாறு.
மீதி இருபத்தைந்தும் எந்தச் சந்தையில் செத்தன என்று கேட்டேன்.
இணை இயக்குநர் பேனாவை மூடிவைத்தார்:
"தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிச்சிருவேன், பாத்துக்கோ."

தூக்கியடித்தார்.
விழுந்த இடம்
வாளையாற்றுக்குத் தெற்கே ஒரு சோதனைச் சாவடி.
தகரக் கூரை, மேசை,
கோழி லாரிச் சக்கரங்களுக்கு மருந்தடிக்கும் பம்பு,
ஹோம்கார்டு செல்லாண்டி, அவருடைய தூக்கம்.
மேசையின் இந்த முனையில் தமிழ்நாடு.
போனை அந்த முனைக்கு நகர்த்தினால்
கேரளம் வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி.
ஒரே நாளில் பதினொரு தடவை வரவேற்கப்பட்டேன்.
என் கல்யாணத்தில்கூட அவ்வளவு இல்லை.

அத்துவானம் என்று அம்மாவிடம் சொன்னேன்.
மேப்பில் தேடிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் சொன்னது
பட்டிக்காடு.
"பட்டிக்காடு திருச்சூர்ப் பக்கமாணு, மேடம்.
அங்கே பஸ் நிற்கும்,"
ரோட்டுக்கு அந்தப்புறம் டீ ஆற்றும் ஔசேப்பு திருத்தினார்.
"இது ஓணம் கேறா மூலை."
ஓணம்கூட எட்டிப் பார்க்காத மூலையாம்.
அவர்கள் பண்டிகையை வைத்துத் திட்டுகிறார்கள்,
நாம் தண்ணீரை வைத்து.
அவரவர் பயம் அவரவர்க்கு.
முட்டை லாரியில் வந்த சித்தூர்க்காரன்
இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு
"மாருமூல" என்று துப்பினான்.
ஒரே புளியமரத்துக்கு எத்தனை வசவு.

ரங்கி ஆடு மேய்ப்பவள்.
போனுக்குச் சார்ஜ் ஏற்ற வருவாள்.
"உங்கூரு எது?"
"மேடவாக்கம். மெட்ராஸ்."
"ஆடு எங்க மேயும்?"
"மேயாது. போஸ்டர் தின்னும்."
"ஆறு?"
"பேர் இருக்கு."
"குடிக்க?"
"லாரியில வரும். ரெண்டு நாளைக்கு ஒருதரம்.
குடத்தோட ஓடணும்."
ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.
என் முழங்கையைத் தொட்டாள்.
"அந்தக் காட்டுல உன்னைய யாரு கொண்டுபோய் விட்டது?
என்ன தப்புப் பண்ணுன?"

பிறந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆனிக் கடைசியில்
கணவாய்க்குள் நுழைந்த மழை ஒன்பது நாள் வெளியே போகவில்லை.
மருந்துத் தொட்டி வழிந்து சாலையோடு போனது.
செல்லாண்டி விழித்துவிட்டார்.
ரங்கியின் ஆடுகள் மேசைக்கடியில்,
இருபத்தைந்துக்கு இரண்டு குறைவு, எண்ணிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் இணை இயக்குநர் கூப்பிட்டார்.
கையெழுத்து அவருக்கு இன்னும் வேண்டியிருந்தது.
"என்னம்மா, எப்படி இருக்கு தண்ணியில்லாக் காடு?"
தகரத்தின்மேல் மழை.
"ஹலோ... ஹலோ... என்ன சத்தம் அது?"
போனைக் கூரைக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
மேசையின் எந்த முனையில் நின்றேனோ,
கேரளம்
இன்னொரு தடவை வரவேற்றது.