மேல் நிப்பிள்

கொண்டலாம்பட்டி ரவுண்டானா தாண்டி ஒரு தகரக் கொட்டகை.
ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி,
ஜாக்கிக்கு அடியில் புளியம்பலகை.
தரையை விட்டு நாலு விரல்
எழும்பி நிற்கிறது இடது சக்கரம்.

டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை.
நிஜாமுதீன் தள்ளி இழுக்கிறான்.
டக்.
மறுபடியும் டக்.

"ஏறி பிரேக்கை மிதிங்கண்ணே.
ஆட்டம் நின்னா வீல் பேரிங், சின்னச் செலவு.
நிக்கலேன்னா கிங்பின்."

மிதித்தேன்.
சில்வர் ஓக் கட்டை லோடோடு
பதினேழாம் வளைவில் சடையன் மிதிப்பானே, அப்படி
சீட்டை விட்டு எழுந்து மிதித்தேன்.
இருபதாம் தேதி தவணை.
நின்று தொலை, நின்று தொலை.

டக்.

பிரேக் பிளேட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு
லாக் பின்னைத் தட்டி எடுத்த பிறகும்
கிங்பின் அசையவில்லை.
சம்மட்டி. கேஸ் நெருப்பு. மறுபடி சம்மட்டி.
இரண்டாவது டீ ஆறிப்போன நேரத்தில்
ஒரே அடியில் இறங்கி
மண்ணில் விழுந்து புகைந்தது.

துடைத்துக் கையில் கொடுத்தான்.
கீழ்ப்பாதி கண்ணாடி.
மேல்பாதியில் நகம் போய் உட்காரும் பள்ளம்.
திரஸ்ட் பேரிங்கைத் தட்டில் கவிழ்த்தால்
பாதிக் குண்டுகள்தான்,
மிச்சம் செங்காவித் தூள்.

"கீழ போயிருக்கு கிரீஸ். மேல போகவே இல்ல."
கன்னை மேல் நிப்பிளில் வைத்து அழுத்தினான்.
உள்ளே இறங்காமல்
வாயோரம் புழுவாய் நெளிந்து வழிந்தது.
கத்திமுனையால் சுரண்டினான்.
செதில் செதிலாக நீலம்.

அந்த நீலத்தை எனக்குத் தெரியும்.
போன எஃப்.சி.க்கு முந்தின எஃப்.சி.,
விடிந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸ்,
பெயிண்டர் கூலி மிச்சமென்று
லுங்கியை மடித்துக் கட்டி நானே அடித்தது.
இரண்டு கோட்டு.
ஒரு இடம் விடவில்லை.

ஆடியிலேயே சொன்னான் சடையன்:
"வளைவு முடிஞ்சும் ஸ்டியரிங் திரும்ப மாட்டேங்குதுங்க."
கை வலித்தால் வேறு வேலை பார் என்றேன்.
டயர் ஒருபக்கமாகத் தேய்ந்ததற்கு
அவன் பேட்டாவில் பிடித்தது இரண்டாயிரத்து நானூறு.

இப்போது குத்துக்காலிட்டு
ஒரு நீலச் செதிலை எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறான்.
"பளபளன்னுதான் இருந்துச்சு வண்டி."
அவ்வளவுதான் சொன்னான்.

புது புஷ். ரீமர் சுற்றச் சுற்ற
பித்தளைச் சுருள் உதிர்ந்தது.
பின் தானாக விழக்கூடாதாம்,
கட்டைவிரல் அழுத்தினால் போகணுமாம்.
மூன்று தடவை போட்டு, மூன்று தடவை எடுத்தான்.
பேரிங்கின் மூடிப்பக்கம் மேலே.
ஷிம் ஒன்று.
கடைசியாக கன்.
மேல் விளிம்பில் வட்டமாகக் கசிந்த கிரீஸை
யாரும் துடைக்கவில்லை.

கோரிமேடு தாண்டுகிற வரை
இரண்டாயிரத்து நானூறை
எந்தச் சொல்லில் ஆரம்பிப்பதென்று
வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்தேன்.
அடிவாரத்தில் முதல் வளைவை ஒடித்து
சடையன் பிடியை விட்டான்.
ஸ்டியரிங் அவன் உள்ளங்கைக்குள் சுழன்று
தானே நேரானது.

"பளுவே இல்லீங்க" என்றான்,
ரோட்டைப் பார்த்தபடி.