ஆட்காட்டி

சீனக்குடா ஓடுபாதையின் கிழக்கு முனையில்
பறவை விரட்டுவது என் வேலை.
ஒரு சைக்கிள், ஒரு பெட்டி சீனவெடி,
தினம் ஒரு பக்கம் நிரப்ப ஒரு கொப்பி.

இன்று: பருந்து இரண்டு. உண்ணிக்கொக்கு பதினொன்று.
பயிற்சி விமானம் ஆறு தரம் இறங்கி ஏறிற்று.
ஏழாம் தரம் பெடியன் கொஞ்சம் துள்ளவிட்டான்.

மழை அரித்த இடத்தில் பழைய தார் தெரியும்.
ஹரிக்கேன்கள் ஓடிய தார்.
கற்றலினாக்கள் குடாவில்
வயிறு நனைந்து கிடந்தனவாம்.
நாற்பத்திரண்டு ஏப்ரலில், ஒரு காலை,
கடல் பக்கமாய் வந்தவை எங்களுடையவை அல்ல.
எங்களுடையவை என்றா சொன்னேன்?
எதிர்த்து மேலே போனவையும் அல்ல.
எண்ணெய்த் தாங்கி எரிந்த இரவுகளில்
கிண்ணியாவில் வலை பொத்த
விளக்குத் தேவைப்படவில்லையாம்.

ஸ்குவாட்ரனுக்கு ஒரு எண், ஒரு சின்னம்,
லத்தீனில் ஒரு வாசகம்.
பதுங்குகுழி வெட்டியவர்களுக்குக் கூலித்தாள்;
அதில் பெருவிரல் மை.

பிறகு கொடி மாறிற்று. வாலில் வர்ணம் மாறிற்று.
அதற்குப் பிறகான சத்தங்களை
நான் எழுதுவதில்லை.
பாஸ் காட்டித்தான் வாசலைத் தாண்டுகிறேன்.

மாலை, விளக்குக் கம்பத்தடியில், சரளைக்குள்
சரளை நிறத்திலேயே நாலு முட்டை,
கூர்முனைகள் உள்நோக்கி.
தலைக்கு மேல் ஆட்காட்டி கத்திக் கத்தி
என்னைக் காட்டிக்கொடுத்தது
எவருக்கோ.

கண்டால் அகற்று என்பது விதி.
கோப்ரல் தெனகம கையை நீட்ட
கொப்பியைக் கொடுத்தேன்.

ஆட்காட்டி: இல்லை.
கூடு: இல்லை.